108 ஆம்புலன்ஸ், சென்னை: அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவு

ஐந்துக்கு ஐந்து. ஒரு நட்சத்திரம்கூடக் குறைக்க மனசு வரவில்லை. ஆனால் நான் எழுத வந்தது வண்டியைப் பற்றி மட்டும் இல்லை, அதில் வந்த தம்பியைப் பற்றியும்தான்.

போன மாதம் ராத்திரி 2 மணி. அயனாவரத்தில் எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. போனை எடுத்தவர் தெருப் பேரோடு பக்கத்தில் என்ன அடையாளம் என்றும் கேட்டார், கோயிலைச் சொன்னேன், 12 நிமிஷத்தில் வந்துவிட்டார்கள். பைலட் (டிரைவரை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்), இஎம்டி (வண்டியில் வந்து முதலுதவி செய்கிறவர்), இரண்டே பேர். இஎம்டி தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். படியேறிய மூச்சு அடங்குவதற்குள் பிரஷர் பார்த்து, விரலில் கிளிப் மாட்டி, கன்ட்ரோல் ரூம் டாக்டரிடம் போனில் கேட்டு மாத்திரையை மென்று சாப்பிடக் கொடுத்துவிட்டார். வழி முழுக்க பேச்சு. "அப்பா, என்னைப் பாருங்க, பேரப் பசங்க எத்தனை பேரு?" 2008-லிருந்து ஓடுகிற சேவை, ஒரு ரூபாய் கட்டணம் இல்லை.

அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நான் வெளியே வந்தபோது அந்த இஎம்டி தம்பி ஸ்ட்ரெச்சர் சக்கரத்தின் இடுக்கில் பஞ்சை விட்டு எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். ரத்தம். அப்பாவுக்கு ரத்தமே வரலையே தம்பி என்றேன்.

"இது முந்தின கேஸ்க்கா. பைக்ல முன்னாடி உக்காந்து வந்த பையன். ஏழு வயசு இருக்கும். ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் நெஞ்சை அமுக்கிட்டே வந்தேன். அவங்கம்மா ஏன் லேட்டுன்னு என் சட்டையைப் புடிச்சிட்டாங்க."

அந்தப் பையனை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, என் அப்பாவிடம் பேரப் பசங்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முன்சீட்டில் டிபன் பாக்ஸ் திறக்காமலே கிடந்தது. காலை 8 மணி வரை டியூட்டியாம். "எங்க அக்கா பையனைத் தூக்க முடியலக்கா, அதே கனம்தான். வீட்ல கோவிச்சுக்கிறாங்க" என்றார், சொன்ன பிறகு ஏன் சொன்னோம் என்பதுபோல கையுறையைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

மனசு சரியில்லை என்றால் பேச 14416 என்று அரசு எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், நல்ல விஷயம். ஆனால் ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவர் தானாகப் போன் போடுவாரா? அடுத்த அழைப்புக்கு முன்னால் அவரை அரை மணி நேரம் உட்காரவைத்து, இதே வேலையில் பழுத்த ஒருவர் பக்கத்தில் இருந்து பேச வேண்டும். எந்தப் பெரிய நகரத்து ஆம்புலன்ஸாக இருந்தாலும் இது வேண்டும், கட்டாயமாக வேண்டும். அப்புறம் ஒன்று, வண்டி வர நேரமானால் வந்தவரின் சட்டையைப் பிடிக்காதீர்கள்.

கிளம்பும்போது, "கொண்டுவந்து விடுறதோட சரி, அப்புறம் என்னாச்சுன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார். அது மனசிலேயே இருந்தது. 108-க்குப் போன் போட்டு நன்றி சொல்லக் கூடாது, அது உயிருக்குப் போராடுகிறவர்களுக்கான லைன். அதனால் அப்பா வீடு திரும்பியதும் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தைக் கேட்டு நேரிலேயே போனேன்.

பார்த்ததும், "மூணாவது மாடி, கோயில் தெரு" என்றார். அப்பா நடக்கிறார், இட்லி சாப்பிடுகிறார் என்று சொன்னேன். "எத்தனை இட்லி?" என்று கேட்டார். மூன்று என்றேன். அதை உள்ளே உட்கார்ந்திருந்த பைலட்டிடம் சத்தமாகச் சொன்னார். அதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிட்டது.