ஆறு லட்சத்துக்குள் குடும்ப கார்: எட்டியோஸா, பிரெஸ்ஸாவா, நெக்ஸானா, சிட்டியா?

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், ஊரே ஒரே குரலில் சொல்லும்: "மாருதி எடுங்க, விக்கிறப்ப நல்ல விலை போகும்." மூன்று வருடம் கழித்து விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதில் இருக்கும் அக்கறையில் பாதிகூட, அந்த மூன்று வருடமும் பின் சீட்டில் உட்காரப்போகும் பிள்ளைகள் மேல் யாருக்கும் வருவதில்லை. நான் பின் சீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கையில் ஆறு லட்சம் வாக்கில் இருக்கிறது. கணவன், மனைவி, சிறு பிள்ளைகள் இருவர், ஊருக்குப் போகும்போது கூட வரும் பாட்டி. வாரம் முழுக்க நகரத்து நெரிசல், அவ்வப்போது நான்கு வழிச்சாலையில் நீண்ட ஓட்டம். இந்தக் குடும்பத்துக்குப் பொருந்துகிற மாதிரி சந்தையில் அகப்படுபவை டொயோட்டா எட்டியோஸ், மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டி. கார்களைச் சுவரில் மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் கொடுக்கும் அமைப்பான குளோபல் என்கேப் நான்கையும் மோதிப் பார்த்திருக்கிறது. நான்கும் பழைய சோதனை முறையில்தான் மோதப்பட்டன. 2022 ஜூலையில் அந்த முறை கடுமையானது. அதற்குப் பின் வாங்கிய ஸ்டாரையும் முன் வாங்கிய ஸ்டாரையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. 2023 அக்டோபரில் தொடங்கிய நம் நாட்டுச் சோதனையான பாரத் என்கேப்புக்கும் இந்தப் பழைய வண்டிகளுக்கும் சம்பந்தமே இல்லை.

| வண்டி | சோதனை ஆண்டு | பெரியவர்கள் | குழந்தைகள் |
|---|---|---|---|
| எட்டியோஸ் | 2016 | 4 ஸ்டார் | 2 ஸ்டார் |
| விட்டாரா பிரெஸ்ஸா | 2018 | 4 ஸ்டார் | 2 ஸ்டார் |
| நெக்ஸான் | 2018 டிசம்பர் | 5 ஸ்டார் | 3 ஸ்டார் |
| சிட்டி | 2022 | 4 ஸ்டார் | 4 ஸ்டார் |

விளம்பரங்களில் வருவது மூன்றாவது கட்டத்து எண் மட்டும். நான்காவது கட்டத்தைப் பாருங்கள். பெரியவர்களுக்கான 17 புள்ளியில் நெக்ஸான் 16.06 எடுத்தது, சிட்டிக்கு 12.03தான். குழந்தைகளுக்கான 49 புள்ளியில் கதை தலைகீழ்: சிட்டி 38.27, நெக்ஸான் 25, பிரெஸ்ஸா 17.93. ஓட்டுகிறவர் நெக்ஸானில் பத்திரம், பிள்ளை சிட்டியில் பத்திரம் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் குழந்தைகளுக்கான அந்தப் புள்ளி, ஒன்றரை வயது, மூன்று வயதுப் பொம்மைகளைக் குழந்தை இருக்கையில் கட்டி வைத்து எடுத்தது. நம் ஊர் வழக்கப்படி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் போனால் 38க்கும் 17க்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. வண்டிக்கு ஒதுக்கிய பணத்திலேயே குழந்தை இருக்கைக்கும் சேர்த்து எடுத்து வையுங்கள். பின் சீட்டில், குழந்தை இருக்கையை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று சீட் இடுக்கில் விரலை விட்டுப் பாருங்கள். பேப்பரில் இருந்தால் போதாது.

இன்னொரு சூட்சுமம், ஸ்டார் என்பது பெயருக்குக் கிடைப்பதல்ல, குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட சாமான்களோடு செய்த வண்டிக்குக் கிடைப்பது. 2014இல் ஃபோக்ஸ்வாகன் போலோவை ஏர்பேக் இல்லாமல் மோதினார்கள், பூஜ்யம். இரண்டு ஏர்பேக்கோடு மோதினார்கள், 4 ஸ்டார். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டி. நெக்ஸானும் அப்படித்தான். 2018 ஆகஸ்டில் அதற்குக் கிடைத்தது 4; சில மாற்றங்கள் செய்து, பக்கவாட்டு மோதலையும் தாண்டி, டிசம்பரில்தான் 5 வந்தது. "ஃபைவ் ஸ்டார் வண்டி சார்" என்று புரோக்கர் காட்டுகிற 2017 நெக்ஸான் அந்தச் சான்றிதழுக்கு உரியதல்ல. பிரெஸ்ஸாவில் 2018 மே மாதத்துக்கு முந்திய கீழ் வேரியன்ட்களில் ஓட்டுநர் பக்கம் மட்டும் ஏர்பேக் இருக்கலாம். அதன் பிறகே இரண்டு ஏர்பேக்கும், சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் எல்லா வேரியன்ட்டுக்கும் வந்தன. சிட்டியில் 2017 தொடக்கத்தில் தோற்றம் புதுப்பித்து வந்த ஃபேஸ்லிஃப்ட்டிலிருந்தும், எட்டியோஸில் 2016 கடைசியில் வந்த பிளாட்டினத்திலிருந்தும் இவை அடிப்படை. முன் சீட்டில் இரண்டு ஏர்பேக் சட்டப்படி கட்டாயமானது 2022 தொடக்கத்தில்தான். ஆகவே ஆர்.சி. புக்கில் பதிவு செய்த தேதியை விட்டுவிட்டு, தயாரித்த மாதம், வருடத்தைத் தேடிப் படியுங்கள்.

இனி நம்பகம். இதில் எட்டியோஸை மிஞ்ச ஆள் இல்லை. 1.5 பெட்ரோல் ஆனாலும் 1.4 டீசல் ஆனாலும் எண்ணெய் மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். டாக்ஸிக்காரர்கள் அதை விரும்பியதற்கு அழகு காரணமல்ல. 590 லிட்டருக்கு மேலான டிக்கி வேறு. பாட்டியின் மூட்டையோடு ஒரு மூட்டை அரிசியும் போகும். உள்ளே உட்கார்ந்தால் மலிவான பிளாஸ்டிக், நடுவில் மீட்டர், அலுப்புத் தட்டும் டேஷ்போர்டு. பெரிய அபாயம் வேறு: மஞ்சள் போர்டில் சில லட்சம் கிலோமீட்டர் ஓடிவிட்டு வெள்ளை போர்டுக்கு மாறிய வண்டிகள். மீட்டர் எண்பதாயிரம் காட்டும். பிரேக் பெடல் ரப்பரும், ஸ்டீயரிங் தேய்மானமும், ஓட்டுநர் சீட்டின் ஓரமும் உண்மையைச் சொல்லும். முன்பு வாடகை வண்டியாகப் பதிவானதா என்று ஆர்.டி.ஓ. விவரங்களில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2020இல் உற்பத்தி நின்றுவிட்டாலும் உதிரி பாகத்துக்கு இன்றுவரை பெரிய சிக்கல் இல்லை.

சிட்டி பெட்ரோல் மேனுவலும் ஏறத்தாழ அதே ரகம்தான், கூடவே சொகுசு. 1.5 ஐ-விடெக் இன்ஜின் இழுவையும் அமைதியும் சேர்ந்தது. பின் சீட்டில் பாட்டி காலை நீட்டலாம். டிக்கி 510 லிட்டர். குறை, தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி. ஐந்து பேர் ஏறி கிராமத்துத் தெருவின் வேகத்தடையைத் தாண்டினால் அடியில் உரசும் சத்தம் கேட்கும். எனவே பார்க்கும்போதே ஜாக்கியில் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்ப்பது சிட்டிக்குக் கட்டாயம். இன்னொன்று, 2024இல் எரிபொருள் பம்ப்பை மாற்றித்தர ஹோண்டா பழைய மாடல்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது. சேசிஸ் எண்ணைக் கம்பெனி தளத்தில் போட்டால் அந்த வண்டிக்கு வேலை பாக்கியா, முடிந்ததா என்று தெரிந்துவிடும். பாக்கி என்றால் செலவில்லாமல் மாற்றித்தருவார்கள்.

பிரெஸ்ஸா 2020 வரை டீசலில் மட்டுமே வந்தது. ஃபியட்டின் 1.3 மல்டிஜெட், ஸ்விஃப்ட், இண்டிகா விஸ்டா, லீனியா என்று நாடு முழுக்க ஓடிய இன்ஜின், எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரிப்பார். குறைந்த வேகத்தில் டர்போ எழும் வரை கொஞ்சம் சோம்பல். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் டீசலுக்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. தவிர, மாருதி என்பதாலேயே பழைய பிரெஸ்ஸாவுக்கு விலை இறங்குவதில்லை. அதே பணத்தில் மற்றவற்றில் ஒன்றிரண்டு வருடம் புதிய வண்டியே கிடைக்கும். குழந்தைகளுக்கு 2 ஸ்டார் வண்டிக்கு அந்தக் கூடுதல் விலையை நான் கொடுக்க மாட்டேன்.

நெக்ஸானில்தான் மனசு ஊசலாடும். கூடு உறுதி, கதவைச் சாத்தும்போதே தெரியும். தரை இடைவெளி தாராளம், மேடு பள்ளச் சாலையில் ராஜா. ஆனால் இந்த நான்கில் உரிமையாளர்களின் முணுமுணுப்பு அதிகம் கேட்பதும் இதைப் பற்றித்தான்: சஸ்பென்ஷன் சத்தம், உள்ளே கிறீச் கிறீச், மின்சாதனக் கோளாறு, ஒரு தடவைக்கு இரு தடவை சர்வீஸ் சென்டர். மூன்று சிலிண்டர் டர்போ பெட்ரோல் நகர நெரிசலில் நன்றாகவே குடிக்கும். கம்பெனி சர்வீஸ் ரெக்கார்டு முழுதாக இருக்கும், ஒரே உரிமையாளர் கையிலேயே இருந்த, 2019 அல்லது அதற்குப் பிந்திய மேனுவல் வண்டி என்றால் மட்டும் பேச்சுவார்த்தைக்கு உட்காரலாம்.

ஈகோஸ்போர்ட்டை ஏன் விட்டேன் என்று கேட்பார்கள். மறைமலை நகரில் செய்து ஐரோப்பாவுக்கே ஏற்றுமதியான வண்டி. 2013இல் யூரோ என்கேப் 4 ஸ்டார் கொடுத்தது. ஓட்ட இன்பம். ஃபோர்டு இந்திய உற்பத்தியை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபின் விலை இறங்கியதால் பேரத்துக்கும் இடமுண்டு. சென்னைக்காரர், தெரிந்த ஃபோர்டு மெக்கானிக் வைத்திருப்பவர் 2018க்குப் பிந்திய 1.5 டீசலைத் துணிந்து எடுக்கலாம். 2017க்கு முந்திய பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கை எந்த விலைக்கும் வேண்டாம். அந்த இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் உலகம் முழுக்கப் பெயர் கெட்டது.

வண்டியை நேரில் பார்க்கும்போது மெக்கானிக் இன்ஜினைக் கவனிக்கட்டும். நீங்கள் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, சாவியைத் திருகி இன்ஜினை எழுப்பாமல் நிறுத்துங்கள். மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும், சில நொடியில் அணைய வேண்டும். எரிந்தே கிடந்தால் கோளாறு. ஒருபோதும் எரியவே இல்லையென்றால் இன்னும் மோசம், விபத்தில் வெடித்த ஏர்பேக்கைத் திரும்பப் போடாமல் விளக்கை மட்டும் அடக்கியிருக்கலாம். இரண்டாவது, பின் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் கொஞ்சநஞ்சமல்ல. சீட் கவர் மாற்றியிருப்பார்கள், வாசனை அடித்திருப்பார்கள். சுருளுக்குள் கிடக்கும் பெல்ட்டின் கடைசி முழத்தை யாரும் கழுவுவதில்லை. சேற்றுக் கோடு அங்கே அப்படியே நிற்கும். சீட்டுக்கு அடியில் ரயிலும் போல்ட்டும் துருப்பிடித்திருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வண்டி மேல் கடன் பாக்கி இருந்தால், கடன் தீர்ந்ததை ஆர்.சி.யில் பதியும் படிவம் 35 கையில் வராமல் பணம் மொத்தமும் போகக் கூடாது. வெளிமாநில வண்டியின் மலிவு விலையில் மயங்குமுன் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றான என்ஓசியும் இங்கே மறுபடி கட்ட வேண்டிய சாலை வரியும் கூட்டிப் பாருங்கள். பெயர் மாறியதும் பதினான்கு நாளுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றச் சொல்லி எழுதிக்கொடுக்க வேண்டும்; இழப்பீடு கேட்காததற்காகப் பழையவருக்குக் கிடைத்த பிரீமியத் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், உங்களுக்கு வராது.

நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது 2017 ஃபேஸ்லிஃப்ட்டுக்குப் பிந்திய சிட்டி பெட்ரோல் மேனுவல். வீட்டுக்குப் போகும் வழி மண் சாலையாகவோ ஆளை விழுங்கும் குழியாகவோ இருந்தால் 2019 நெக்ஸான், ரெக்கார்டு சுத்தமாக இருக்கும் நிபந்தனையோடு. பணத்தை இன்னும் கொஞ்சம் நீட்ட முடிந்தால் மஹிந்திரா எக்ஸ்யூவி 300ஐயும் பாருங்கள். 2020 சோதனையில் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4. டிக்கி மட்டும் 257 லிட்டர், பாட்டியின் மூட்டை மடியில்தான். நாலு, நாலரைக்கு மேல் முடியாதவருக்கும், பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுக்கும், வெள்ளை போர்டிலேயே பிறந்து வளர்ந்த எட்டியோஸ்.