“டேய் குச்சி” என்று கூப்பிட்டான், சூரிட்டி போட்டேன்

அவன் பெயரை இங்கே போடவில்லை. புகார் நிலுவையில் இருக்கிறது, வக்கீல் வேண்டாம் என்றார். கடன் கொடுத்த ஃபைனான்ஸின் பெயரும் இல்லை. பெயர் தெரிந்து உங்களுக்கு ஆகப்போவதும் ஒன்றுமில்லை, ஏனென்றால் உங்களைத் தேடி வருபவன் வேறு பெயரில்தான் வருவான். எப்படி வந்தான், எப்படி உட்கார்ந்தான், என்ன பேசினான் என்பதை மட்டும் சொல்கிறேன்.

கோவை கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், உதவிக்கு ஒரு பையன். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். 2023 தீபாவளி முடிந்த வாரம். ஆர்டர் இல்லாமல் ஈயாடிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வாசலில் நின்று ஒருவன் கூப்பிட்டான்: “டேய் குச்சி!”

நான் இப்போது தொண்ணூறு கிலோ. என்னைக் குச்சி என்று கூப்பிடக்கூடியவர்கள் ஈரோடு பக்கத்துப் பாலிடெக்னிக்கில் 1996 முதல் 1999 வரை என்னோடு ஹாஸ்டலில் கிடந்தவர்கள் மட்டும்தான். அந்தப் பெயரைக் கேட்டதுமே எனக்கு வயது பதினேழு ஆகிவிட்டது. அவன் முகம் சட்டென்று பிடிபடவில்லை. அவன் பெயரைச் சொன்னதும் பிடிபட்டது. கூடவே வயிற்றுக்குள் ஏதோ ஒன்று சுருங்கியது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

முதல் வருடம் ஹாஸ்டலில் என் டிரங்குப் பெட்டியிலிருந்து 380 ரூபாய் காணாமல் போனது. மெஸ் பில் கட்ட அப்பா கொடுத்தனுப்பிய பணம். எடுத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் அவன் மேல் எல்லோருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. கேட்கும் தைரியம் யாருக்கும் இல்லை. வேண்டாத ஆள் என்று மனதின் ஒரு மூலையில் எழுதி வைத்திருந்தேன். இருபத்தேழு வருடம் கழித்து 380 ரூபாய்க்காக ஒருவனை வாசலிலேயே நிற்க வைப்பதா? எழுந்து போய்க் கட்டிப் பிடித்தேன்.

டீ வந்தது. பேச ஆரம்பித்தான். மூன்றாவது வருடம் மைசூர் டூர் போனபோது திம்பம் மலைப்பாதையில் ராத்திரி பஸ் நின்றுபோனதைப் பற்றி. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, சத்தியமங்கலம் காடு, வீரப்பன் காலம். டிரைவர் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுச் சத்தம் போடாமல் உட்காருங்கள் என்றார். கூட வந்த சார் கடவுள் பெயரை எல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். “வீரப்பன் வந்தா முதல்ல சாரைக் கொடுத்துரலாம்னு சொன்னியேடா நீ!” என்று அவன் சொல்ல, நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அந்த இருட்டில் அவன் எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது.

இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வருகிறேன்.

கிளம்பும்போது சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து நீட்டினான். பிருந்தாவன் தோட்டத்தில் எல்லோரும் நின்று எடுத்த குரூப் போட்டோ. “உன் பின்னாடி பாதி முகம் தெரியுது பாரு, அதான் நான். வச்சுக்கோ, என்கிட்ட இன்னொண்ணு இருக்கு” என்றான். ஓரத்தில் ஏதோ கறுப்பாக மறைத்திருந்தது. பழைய படம், கறை படிந்திருக்கும் என்று நினைத்தேன்.

அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை வந்தான். வீட்டுக்கும் வந்தான். என் மகள் பிளஸ் டூ என்பதும், அவளுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசை என்பதும் தெரிந்திருந்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நடந்தது தெரிந்திருந்தது. எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அக்கறையாக விசாரிக்கிறானே என்றுதான் தோன்றியது. என் வீட்டுக்காரிக்கு மட்டும் ஆளைப் பிடிக்கவில்லை. ஒரு நாள் அவன் போனபிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டே கேட்டாள்: “ஏனுங்க, ஒரு மணி நேரம் பேசுனாரு. அவரு பொண்டாட்டி பேரு என்னன்னு உங்களுக்குத் தெரியுமா? எந்த ஊர்ல குடியிருக்கறாருன்னாவது தெரியுமா?” தெரியவில்லை. அவன் பேசியதெல்லாம் என்னைப் பற்றித்தான். பெண்கள் எல்லாவற்றையும் சந்தேகப்படுவார்கள் என்று ஒரு அசட்டுப் பதில் சொன்னேன். அதற்கு இன்றுவரை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பரில் விஷயத்துக்கு வந்தான். செகண்ட் ஹேண்டில் ஒரு லோடு வண்டி பார்த்திருக்கிறானாம், காய்கறி லோடு அடிக்கப் போகிறானாம். ஆறரை லட்சம் ஃபைனான்ஸ். எல்லாம் ரெடி, சாட்சிக்கு ஒரு கையெழுத்து மட்டும் வேண்டும். “பசங்க யார்கிட்டயும் சொல்லிராதடா. இந்த வயசுல கடனுக்கு அலையறேன்னு தெரிஞ்சா அசிங்கம்” என்றான். அவன் கண் கலங்கியது. ஒரு காலத்தில் அவனைச் சந்தேகப்பட்டோமே என்ற உறுத்தல் எனக்கு. அந்த உறுத்தல் இல்லாதிருந்தால் ஒருவேளை பேப்பரைப் படித்திருப்பேன்.

ஃபைனான்ஸ் பையன் பட்டறைக்கே வந்தான். கையில் டேப்லெட் கம்ப்யூட்டர். ஆதார் நம்பர் கேட்டான், என்னை ஒரு போட்டோ எடுத்தான். “ரெஃபரன்ஸ் மாதிரிதான் சார்” என்றான். போனில் ஓடிபி வந்தது, வாசித்தேன். அவ்வளவுதான், பேனாவைத் தொடவே இல்லை. பழைய காலத்தில் முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும்போது கை கொஞ்சமாவது நடுங்கும். ஆறு எண்களை வாசிக்கும்போது யாருக்கு நடுங்குகிறது? ஒப்பந்தத்தின் பிரதி அன்று ராத்திரியே போனுக்கு லிங்க்காக வந்திருந்தது. நான் திறக்கவில்லை. மாதங்கள் கழித்துத் திறந்தபோது, முதல் பக்கத்திலேயே கடன் வாங்கியவன் பெயருக்குக் கீழே ஜாமீன்தாரர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது. நம் ஊர்ப் பேச்சில், சூரிட்டி.

மாதம் 18,421 ரூபாய், 48 டியூ, அதாவது தவணை. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் கட்டினான். ஏப்ரலில் நின்றது. அவன் போனும் நின்றது.

மே மாதம் எனக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. முதலில் “சார்”, அப்புறம் “என்ன சார்”, அப்புறம் “யோவ்”. ராத்திரி ஒன்பதரைக்குக்கூடக் கூப்பிட்டார்கள். காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூல் ஆட்கள் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லியிருக்கிறது. அது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தபிறகு தேதி, நேரம் எல்லாம் குறித்து அந்த ஃபைனான்ஸுக்கே எழுத்தில் புகார் கொடுத்தேன். ராத்திரி அழைப்பு நின்றது. கடன் நிற்கவில்லை.

“வாங்கினவனைப் பிடிங்க, அப்புறம் என்கிட்ட வாங்க” என்று வாதாடிப் பார்த்தேன். செல்லாது. 1872ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை, கடன்காரனுக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவும் சூரிட்டிக்கு உண்டு என்கிறது. அவன் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுத்தான் என் வீட்டுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. பட்டறையும் விலாசமும் உள்ள ஆள் நான், வசதியான ஆளிடம் வந்தார்கள்.

ஆகஸ்டில் மகளுக்குக் கவுன்சலிங்கில் இடம் கிடைத்தது, அவள் கேட்ட பாடமே. கல்விக் கடனுக்கு வங்கிக்குப் போனேன். மேனேஜர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். கடனை ஒழுங்காகக் கட்டுகிற ஆளா என்று வங்கிகள் பார்க்கும் மதிப்பெண்தான் சிபில். 780 இருந்த என் சிபில் 600க்குப் பக்கத்தில் கிடந்தது. நான் ஒரு ரூபாய்கூட வாங்காத கடன், என் கணக்கில் சிவப்பாக நின்றது. மகள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள். வெளியே வந்து அவளுக்குக் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தேன். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

அன்று ராத்திரி, அசிங்கம் பார்க்காமல், பழைய பசங்களின் வாட்ஸப் குரூப்பில் எல்லாவற்றையும் பேசி வாய்ஸ் மெசேஜ் போட்டேன். ஒருவரும் பதில் போடவில்லை. பதினொன்றரைக்குத் திருப்பூரிலிருந்து ஒருவன் தனியாகக் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்தி, “உன்கிட்டயும் வந்தானா?” என்றான்.

அவனிடமும் ஒரு சூரிட்டி. ஈரோட்டில் ஒருவன், நாமக்கல்லில் ஒருவன். ஆக நான்கு பேர். நான்கு பேரிடமும் அதே கண்ணீர், அதே “யார்கிட்டயும் சொல்லிராதடா”.

நான் திம்பம் கதையைச் சொல்லி, “கூடவே வந்தவன்டா, இப்படிப் பண்ணிட்டானே” என்றேன். மறுமுனையில் சத்தமில்லை. அப்புறம் திருப்பூர்க்காரன் சொன்னான்: “குச்சி, அவன் முதல் வருஷம் பாதியிலயே நின்னுட்டான்டா. டூர் போனது மூணாவது வருஷம்.”

எனக்குக் கை சில்லிட்டுப் போனது. இரண்டு சீட் தள்ளி அவன் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேனே!

பட்டறைக்குப் போய் மேசை டிராயரிலிருந்து போட்டோவை எடுத்து டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்தேன். ஓரத்தில் இருந்த அந்தக் கறுப்புக் கறை ஒரு கட்டைவிரல். நகத்தில் ஆயில் கறை படிந்த கட்டைவிரல். என்னுடையது. ஆல்பத்திலிருந்த என் பழைய படத்தை நானே செல்போனில் எடுத்து, அவன் வருவதற்கு ஆறு மாதம் முன்பு குரூப்பில் போட்டிருந்தேன். அதை எடுத்துப் பிரிண்ட் போட்டு எனக்கே கொண்டுவந்து கொடுத்திருக்கிறான். பாதி தெரிந்த அந்த முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். அது பஸ் கிளீனர் பையன்.

திம்பம் கதை குரூப்பில் இருந்தது, நான்தான் எழுதினேன். வீரப்பன் ஜோக், என் பட்டப்பெயர், மகளின் பத்தாம் வகுப்பு மார்க், அப்பாவின் கண் ஆபரேஷன், எல்லாமே இருந்தன. யாரோ ஒருவன் பாவப்பட்டு அவனையும் குரூப்பில் சேர்த்திருக்கிறான். இரண்டு வருடம் ஒரு வார்த்தை பேசாமல் படித்துக்கொண்டே இருந்திருக்கிறான். பேசாத ஆளை யார் கவனிக்கிறோம்?

போலீஸில் முதலில் “இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க” என்றார்கள். நான்கு பேரும் சேர்ந்து, நான்கு ஒப்பந்தங்களையும் வைத்து, மாநகரக் குற்றப்பிரிவில் மனு கொடுத்தபிறகுதான் ரசீது போட்டு வாங்கினார்கள். ஒருவனுக்கு நடந்தால் கடன் தகராறு, நான்கு பேருக்கு ஒரே மாதிரி நடந்தால் மோசடி என்று வக்கீல் விளக்கினார். நடந்தது புதிய குற்றச் சட்டம் அமலுக்கு வந்த 2024 ஜூலை 1க்கு முன்பு என்பதால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் மோசடிக்கான 420ஆம் பிரிவுதான். இதே மாதிரி உங்களுக்கு நடந்திருந்தால் வெட்கப்படாமல் மற்றவர்களைத் தேடுங்கள். நிச்சயம் நீங்கள் ஒரே ஆளாக இருக்க மாட்டீர்கள்.

இன்னும் சில விஷயங்கள், நான் விலை கொடுத்துக் கற்றவை. சாட்சி என்று ஆதார் ஓடிபி கேட்டால் சாட்சி இல்லை, அது உங்கள் கையெழுத்தேதான். ஓடிபி சொல்லும் முன் ஒப்பந்தத்தை அனுப்பச் சொல்லி, உங்கள் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று மட்டுமாவது பாருங்கள். சிபில் போன்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். சூரிட்டி போட்ட கடனும் அதில் வரும். நான் மே மாதமே பார்த்திருந்தால் மேனேஜர் முன்னால் மகளோடு உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அப்புறம், “பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்” என்று கூப்பிடுவார்கள். அப்படி முடித்தால் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழும், முழுசாகக் கட்டி முடித்தவர்களுக்கு விழும் ‘குளோஸ்டு’ விழாது. அடுத்த கடனுக்குப் போகும்போது அந்த ஒரு வார்த்தை உங்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கும். கட்டும் ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். கட்டிய தொகையைக் கடன் வாங்கியவனிடமிருந்து வசூலிக்கும் உரிமை சூரிட்டிக்குச் சட்டத்தில் உண்டு. ஆள் கிடைத்தால்.

நின்றுபோன ஐந்து டியூ 92,105, அபராதம் தனி. ஒரு லேத்தை விற்றுக் கட்டினேன். மீதியை மாதாமாதம் நான்தான் கட்டிக்கொண்டிருக்கிறேன். மகளின் முதல் வருடச் செலவுக்கு வீட்டுக்காரியின் வளையல்கள் அடகில் இருக்கின்றன. வண்டி எங்கே ஓடுகிறது என்று தெரியவில்லை.

போன மாதம் ஒரு மத்தியானம், பட்டறை வாசலில் ஒருவர் வந்து நின்றார். “என்னடா, தெரியலையா? எட்டாவதுல உன் பக்கத்துல உக்காந்தேன்” என்றார். நான் லேத்தை நிறுத்தவில்லை. நம்ம கணக்கு வாத்தியார் பேர் என்ன என்று கேட்டேன். சொன்னார். ஸ்கூல் பின்னாடி என்ன மரம் என்று கேட்டேன். அதையும் சொன்னார், புளியமரம். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பையிலிருந்து தன் மகளின் கல்யாணப் பத்திரிகையை எடுத்து, மஞ்சள் தடவிய மூலை என் பக்கம் இருக்கும்படி மேசை மேல் வைத்தார். டீ சொல்லட்டுமா என்று நான் கேட்பதற்குள் ரோட்டைத் தாண்டிவிட்டார்.