புல்லட் ஹேண்டில் கிரிப்: மெத்தையைப் பார்த்து வாங்காதீர்கள்

என்னுடையது ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350, பழைய யூசிஇ இன்ஜின் (இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருப்பது), 346 சிசி. எங்கள் ஏரியாவில் என்ஃபீல்டு எதுவாக இருந்தாலும் புல்லட்தான், அதனால் நானும் புல்லட் என்றே எழுதுகிறேன். கம்பெனியில் வந்த கிரிப் வெயிலில் காய்ந்து பிசுபிசுவென்று ஆகி, உள்ளங்கையில் கறுப்பு ஒட்ட ஆரம்பித்ததும் வேறு மாற்றலாம் என்று இறங்கினேன். ஸ்பாஞ்ச், ஜெல், அலுமினியம், லெதர் என்று கிட்டத்தட்ட எல்லா வகையும் இந்த வண்டியில் ஏறி இறங்கிவிட்டது. ஓடுவது திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் நெடுஞ்சாலை, மணலி பக்கம். கன்டெய்னர் லாரி, பள்ளம், கடல் காற்று எல்லாம் இருக்கிற ரோடு, அதனால் இங்கே தாங்குகிற கிரிப் எங்கேயும் தாங்கும்.

முதலில் ஸ்பாஞ்ச் உறை. இருக்கிற கிரிப் மேலேயே மாட்டிக்கொள்ளும் பஞ்சு மாதிரி ஒன்று, விலை மலிவு, கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டுவதும் இதைத்தான். கையில் அமுக்கிப் பார்க்கும்போது சுகமாகத்தான் இருக்கும். வண்டியில் மாட்டி டிராஃபிக்கில் நின்றால்தான் தெரியும். கிரிப் தடிமனாகிவிட்டால் கிளட்ச் லீவருக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் இடம் குறைந்துவிடுகிறது, லீவரை முழுசாக இழுக்கும் முன்பே அது போய் கிரிப்பில் முட்டுகிறது, இல்லை நடுவில் இருக்கும் விரலை நசுக்குகிறது. கிளட்ச் பாதியில் நிற்பதால் கியர் கடகடவென்று சத்தம் போடும், நியூட்ரல் விழவே விழாது. இன்னொரு பக்கம், உள்ளங்கை பின்னால் தள்ளிப் போவதால் லீவரை எட்டுவதற்கே விரலை நீட்ட வேண்டும், புல்லட் கிளட்ச் ஏற்கெனவே கனம், சின்னக் கை உள்ளவர்கள் பாவம். ரிவால்வருக்குப் பிடி மாற்றுபவர்களும் இதையேதான் பார்ப்பார்களாம்: பிடி தடித்தால் விரல் ட்ரிக்கரை எட்டாது. பேட்ஜில் பீரங்கியும் ‘மேட் லைக் எ கன்’ என்கிற வாசகமும் போட்டுக்கொண்ட கம்பெனியின் வண்டிக்கு இது பொருத்தம்தான்.

ஆக்ஸிலேட்டர் பக்கம் இன்னும் மோசம். உறை உள்ளே இருக்கும் கிரிப்பைப் பிடித்துக்கொள்ளாமல் தனியாகச் சுற்றுகிறது, நாம் முறுக்குவது ஒன்று, வண்டி போவது ஒன்று. உள்பக்கமாக நகர்ந்து சுவிட்ச் பெட்டியில் உரசினால் ஆக்ஸிலேட்டர் திரும்பி வராமல் அப்படியே நின்றுவிடும், பின்னால் கன்டெய்னர் வரும் ரோட்டில் இதை நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மழை பெய்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்கிறது, வியர்வையும் சேர்ந்தால் நாற்றம் வேறு. இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அலுமினியக் குழாயில் ரப்பர் வளையம் போட்ட ‘கஸ்டம்’ கிரிப் பார்க்க ஜோர், போட்டோவுக்குப் போடலாம். மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் கை வைத்தால் சுரீர் என்கிறது, கை வியர்த்தால் வழுக்குகிறது. கடலோரம் இருந்தால் அதன் ஸ்க்ரூ எல்லாம் சீக்கிரம் துரு பிடிக்கும். லெதர் சுற்றுவது அழகுதான், காய்ந்த நாளில் நல்ல பிடிப்பும் இருக்கிறது, ஆனால் ஒரு நவம்பர் மழையில் நனைந்து காய்ந்ததும் விறைத்துப்போய் தையல் இளகிவிட்டது.

ஜெல் வைத்த ரப்பர் கிரிப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறைய பேர் கை மரத்துப்போகிறது என்றுதான் இதைத் தேடுகிறார்கள். பழைய யூசிஇ இன்ஜினில் நடுக்கத்தை அடக்கும் பேலன்சர் ஷாஃப்ட் கிடையாது, ஒற்றை சிலிண்டர், எண்பதைத் தாண்டினால் ஹேண்டிலில் நடுக்கம் தெரியும். 2021ல் வந்த புது 349 சிசி கிளாசிக்கில் பேலன்சர் வைத்த பிறகு இது நன்றாகவே குறைந்துவிட்டது, அந்த வண்டி வைத்திருப்பவர்கள் மெத்தைக்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். பழைய வண்டிக்கு ஜெல் கொஞ்சம் உதவுகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போகிறது என்றால், பெரும்பாலும் உள்ளங்கையின் அடிப்பக்கம் ஹேண்டிலில் அழுந்தி அங்கே போகும் நரம்பு நசுங்குகிறது. ஹேண்டில் பாரைக் கொஞ்சம் திருப்பி மணிக்கட்டு மடங்காமல் வைத்தாலே பாதி போய்விடும். இன்ஜின் மவுன்டிங் போல்ட் லூஸாக இருந்தால் எந்த கிரிப் போட்டும் பிரயோஜனமில்லை, முதலில் அதை டைட் வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் பார் முனையில் கனமான வெயிட் ஒன்று மாட்டலாம், ஜெல்லை விட அது எனக்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் முனை மூடிய கிரிப்பாக இருந்தால் அதை வட்டமாக அறுக்க வேண்டும், வாங்கும்போதே முனை திறந்ததா மூடியதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது இன்னொன்று. ஹேண்டில் பார் 22 மில்லிமீட்டர், ஆனால் வலது பக்கம் ஆக்ஸிலேட்டர் குழாய் மேல் ஏற வேண்டியதால் அந்த கிரிப்பின் ஓட்டை பெரிது. இடது வலது இரண்டும் ஒன்றில்லை. பிராட்வே பக்கம் ஒரு கடையில் இரண்டு இடது கிரிப்பை ஒரே கவரில் போட்டு ஜோடி என்று கொடுத்துவிட்டார்கள், திருப்பிக் கொண்டுபோனால் ‘கவர் பிரிச்சாச்சே சார், ரிட்டன் கெடையாது’ என்று பதில். அதனால் கடையிலேயே பிரித்து, விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

மாட்டுவதை மெக்கானிக்கிடம் விட்டால் பக்கத்தில் நில்லுங்கள். சிலர் சுலபமாக ஏறுகிறது என்று கிரீஸ் தடவிவிடுகிறார்கள், அது ஆயுசுக்கும் காயாது, கிரிப் சுற்றிக்கொண்டே இருக்கும். தண்டையார்பேட்டையில் நான் போகும் மெக்கானிக் ‘ணா, ஒரு சொட்டு பெட்ரோல் போதும், ஆவியாயிடும், அப்புறம் இஸ்த்தாலும் வராது’ என்பார், செய்தும் காட்டினார். கிரிப்புக்கென்று விற்கும் பசை இருந்தால் இன்னும் நல்லது. பெட்ரோல் நன்றாகக் காயும் வரை வண்டியை எடுக்காதீர்கள். மாட்டிய பிறகு ஹேண்டிலை இந்தக் கோடி அந்தக் கோடி திருப்பி, இரண்டு பக்கமும் ஆக்ஸிலேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள், டக்கென்று தானாகத் திரும்பி வர வேண்டும். வரவில்லை என்றால் கிரிப் அதிகமாக உள்ளே ஏறியிருக்கிறது, துளி வெளியே இழுக்கச் சொல்லுங்கள்.

கடைசியில் என் வண்டியில் இப்போது இருப்பது கம்பெனி ஒரிஜினல் ரப்பர்தான், முனையில் வெயிட். சில நூறு ரூபாயில் முடிந்தது. ஒல்லியாக இருக்கிறது, விரல் சுற்றி வந்து கட்டை விரலைத் தொடுகிறது, மழையில் வழுக்கவில்லை. வெயிலில் நிறுத்தினால் இதுவும் ஒரு நாள் பிசுபிசுக்கும், அதற்கு ஒரு பழைய துணியைச் சுற்றிவிட்டுப் போகிறேன். பெரிய கை உள்ளவர்கள் மட்டும் ஜெல் ரப்பரைப் பார்க்கலாம், அதுவும் கிளட்சைப் பிடித்து லீவர் விரலை இடிக்கிறதா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.