சுற்றுகிறது, ஆனால் சரியாகச் சுற்றவில்லை: 850 ரூபாய் சூரியக் குடும்பம்

மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டேஷனரி கடையில் மோட்டார் வைத்த சூரியக் குடும்ப மாடல் 850 ரூபாய்க்கு வாங்கினேன். "பிள்ளைங்க ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் இதைத்தான் சார் வாங்குறாங்க" என்றார் கடைக்காரர். நடுவில் மஞ்சள் பந்துக்குள் ஒரு சின்ன பல்பு, அதைச் சுற்றி எட்டுக் கம்பிகள், கம்பி முனையில் எட்டுக் கோள்கள். பெயிண்ட் நன்றாக இருக்கிறது, வியாழனின் பட்டைகளைக்கூட விடாமல் போட்டிருக்கிறார்கள், சனியின் வளையம் மட்டும் ரெண்டு தடவை கழன்று விழுந்தது, ஃபெவிக்விக் போட்டு ஒட்டினோம்.

சிக்கல் சுவிட்ச் போட்ட பிறகுதான். எட்டுக் கம்பியையும் ஒரே நடுத்தண்டில் இறுக்கி வைத்திருப்பதால் எல்லாக் கோளும் ஒரே நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஓரத்தில் இருக்கும் நெப்டியூன் ராட்டினத்தின் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி பறக்கிறது, சூரியனை ஒட்டியிருக்கும் புதன் சோம்பேறியாக நகர்கிறது. நிஜத்தில் அப்படியே தலைகீழ். புதன் நொடிக்கு 47 கி.மீ., நம் பூமி 30, நெப்டியூன் வெறும் 5 சொச்சம். தூரம் போகப் போக சூரியனின் இழுப்பு குறைகிறது, அந்தப் பிடியில் நிற்கக் குறைந்த வேகமே போதும், பாதையும் நீளம், அதனால்தான் புதன் 88 நாளில் முடிக்கிற சுற்றுக்கு நெப்டியூனுக்கு 165 வருஷம் ஆகிறது. 1846இல் கண்டுபிடித்தார்கள், அதே இடத்துக்கு அது திரும்பி வந்தது 2011இல். இதைக் காட்டத்தானே மாடல்? இது தெரியாவிட்டால் எட்டுப் பந்தை நூலில் கட்டித் தொங்கவிட்டுப் போகலாம்.

திசையும் தப்பு. வடக்குப் பக்கம் மேலேயிருந்து பார்த்தால் எல்லாக் கோளும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சூரியனைச் சுற்றும். இது கோயில் பிரகாரம் மாதிரி வலம் வருகிறது. (என் அம்மாவுக்கு அது பிடித்திருந்தது, மாற்றாதே என்றார்.) மோட்டாருக்குப் போகும் சிவப்பு, கறுப்பு ஒயர்களை மாற்றிப் போட்டதும் சரியானது, ரெண்டு நிமிஷ வேலை.

கடைக்குத் திரும்பக் கொண்டுபோய்ச் சொன்னேன். "சுத்துது இல்ல சார், அப்புறம் என்ன?" அதற்கு என்னிடம் பதில் இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்புறம் மகளே வழி கண்டுபிடித்தாள். ஒவ்வொரு கம்பியையும் தண்டோடு பிடித்திருக்கும் குட்டி ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டால் கம்பி தனியாகத் திரும்பும். மோட்டார் வேண்டாம், கையால் தள்ளலாம். பூமி ஒரு சுற்று வரும்போது புதனை நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கூட, செவ்வாயைப் பாதிக்குச் சற்று மேல், வியாழனைப் பன்னிரண்டில் ஒரு பங்கு. சனிக்கு எவ்வளவு என்று அவள் போனில் தேடும் முன்பே அம்மா சொல்லிவிட்டார்: "ராசிக்கு ரெண்டரை வருஷம், பன்னெண்டு ராசி, கணக்குப் போடு கண்ணு." முப்பது. துல்லியமாகச் சொன்னால் 29.5, ஆனால் முப்பது வருஷம் வாழ்ந்தவனும் இல்லை, தாழ்ந்தவனும் இல்லை என்று வாயில் வைத்திருப்பவர்களுக்கு அது போதும். குருப்பெயர்ச்சியும் அப்படித்தான், வருஷத்துக்கு ஒரு ராசி, வியாழனின் சுற்று ஏறக்குறைய 12 வருஷம். பெட்டியில் இல்லாத விவரம் வீட்டுத் திண்ணையில் இருந்தது.

தூரங்களைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். பூமியை 10 செ.மீ. தள்ளி வைத்தால் நெப்டியூனை 3 மீட்டர் தள்ளி வைக்கணும், எங்கள் ஹாலே அவ்வளவுதான். ஆனால் கூட வந்த விளக்கத் தாளை மன்னிக்க முடியாது. பூமியின் பாதையைப் பெங்களூரா மாங்காய் மாதிரி நீட்டி வரைந்திருக்கிறார்கள். அதைப் பார்க்கிற பிள்ளை, சூரியனுக்குக் கிட்டப் போனால் கோடை, எட்டப் போனால் குளிர் என்றுதானே நினைக்கும்? பாதை நீள்வட்டம் என்பது சரி, கெப்ளர் 1609லேயே சொல்லிவிட்டார். ஆனால் கிட்ட இருக்கும்போது 14.7 கோடி கி.மீ., எட்ட இருக்கும்போது 15.2 கோடி, தாளில் வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. அதுவும் கிட்ட இருப்பது ஜனவரியில், நாம் இங்கே காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போகிற மாசத்தில். பருவம் மாறுவது பூமி 23.5 டிகிரி சாய்ந்திருப்பதால். இந்த மாடலில் பூமி செங்குத்தாக நிற்கிறது, அந்தக் கம்பியை நாங்களே லேசாக வளைத்துக்கொண்டோம்.

5க்கு 2.5 தருவேன், அதில் ஒன்று பெயிண்டுக்கு. ஸ்க்ரூ டிரைவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் வாங்கலாம், 600க்கு மேல் கொடுக்காதீர்கள். பேட்டரி பெட்டியில் கிடையாது, ரெண்டு பென்சில் செல் தனியாக வாங்கணும், பல்புக்கு மட்டும்.