60 அட்டை, 640 ரூபாய், ஒரு காரட்

குடியாத்தத்தில் என் வீட்டு முன்கூடத்தில் சாயங்காலம் 6 மணிக்கு ட்யூஷன் எடுக்கிறேன். 11 பிள்ளைகள், ஐந்தாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள், பீடி சுற்றும் வீட்டிலிருந்தும் வருகிறார்கள். எல்லோரும் தமிழைக் கடகடவென்று படிப்பார்கள். படித்து முடித்ததும் "இதில் அந்த அம்மாவுக்கு ஏன் கோபம்?" என்று கேட்டால் முழிப்பார்கள். "அது போடல மிஸ்" என்பார்கள்.

போட்டிருந்தால் விடமாட்டார்கள். ஒருநாள் கரும்பலகையில் "பிளாகு மொரட்டைச் சிங்கியது. அதனால் தொப்பான் டமிந்தான்" என்று எழுதிவிட்டு, தொப்பான் ஏன் டமிந்தான் என்று கேட்டேன். 11 பேரும் எழுதிய விடை: "பிளாகு மொரட்டைச் சிங்கியதால் தொப்பான் டமிந்தான்." முழு மார்க் போடலாம், ஒற்றுகூட விட்டுப்போகவில்லை. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பாடத்தில் தேடு, அந்த வரியை எடுத்து எழுது. இந்த வித்தை கைவந்த பிள்ளைக்கு, வாசித்தது புரியவில்லை என்பதே தெரியாது.

இதற்கு ஏதாவது செய்யலாம் என்றுதான் போன கோடை விடுமுறையில் வேலூருக்கு பஸ் ஏறி, லாங் பஜார் பக்கம் ஒரு கடையில் இந்த அட்டைப்பெட்டியை வாங்கினேன். வாசிப்பில் ஊகித்தலைப் பழக்கும் அட்டைகள். பெயரைப் போடப்போவதில்லை. குறைதான் நிறைய சொல்லப்போகிறேன், செய்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் செய்திருக்கிறார்கள். ஒரு வருஷம் புழங்கிவிட்டு எழுதுகிறேன்.

பெட்டிக்குள் 60 அட்டைகள். மஞ்சளில் வெறும் படம், பச்சையில் இரண்டு மூன்று வாக்கியம், சிவப்பில் ஒரு பத்தி. கூடவே ஒரு விடைக் கையேடு, மூன்று கட்டம் போட்ட தாள்கள் ஒரு கட்டு, உள்ளங்கை அளவில் ஒரு சீட்டு. கையேட்டு முன்னுரையில் இது மேலைநாட்டிலிருந்து வந்த புதிய முறை என்று எழுதியிருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். குறளில் குறிப்பறிதல் என்ற பெயரிலேயே இரண்டு அதிகாரம் இருக்கிறது, பொருட்பாலில் 71, இன்பத்துப்பாலில் 110. சரி, அது போகட்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். அந்த மூன்று கட்டத் தாள் அருமை. முதல் கட்டம் "படித்தது", இரண்டாவது "எனக்குத் தெரிந்தது", மூன்றாவது "ஆகவே". ஒரு பச்சை அட்டையில், கதவைத் திறந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடுகிறாள், தம்பி போனில் விளையாடிக்கொண்டிருக்கிறான். பால் தீய்ந்துவிட்டது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் நடுக்கட்டம் 11 தாளிலும் காலி. ஏன் எழுதவில்லை என்றால், "தெரிஞ்சதுதான மிஸ், எதுக்கு எழுதணும்?" இந்தக் கேள்விக்காகவே அந்தத் தாளை மெச்சுவேன். எழுத்தில் இல்லாத ஒன்றைத் தன் தலையிலிருந்து எடுத்துச் சேர்த்தோம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அடுப்பில் பால் இருந்தால் ஒரு ஆள் பக்கத்தில் நிற்கவேண்டும், தீய்ந்தால் வாசல்வரை நாறும் என்று நடுக்கட்டத்தில் எழுதவைத்த பிறகுதான் ஒரு பையன், "அப்போ பாதி கதைய நாமதான் சொல்றோமா மிஸ்?" என்றான். ஆமாம்டா.

இனி காரட். மஞ்சள் அட்டை 14. தரையில் ஒரு காரட், ஒரு தொப்பி, இரண்டு கரித்துண்டு, கொஞ்சம் ஈரம். என்ன நடந்திருக்கும்?

கையேடு சொல்லும் விடை, பனிமனிதன் உருகிவிட்டான். பனியைத் திரட்டிச் செய்யும் பொம்மை அது, காரட்தான் மூக்கு, கரித்துண்டுதான் கண். என் வகுப்பில் வந்த விடை, "காய் விக்கிறவரு வெயில்ல மயக்கம் போட்டு வுழுந்துட்டாரு மிஸ்." எதை வைத்துச் சொல்கிறாய் என்றேன். காரட் அவருடைய வண்டியிலிருந்து உருண்டது, தொப்பி வெயிலுக்குப் போட்டது, ஈரம் முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்தது. கரி? பக்கத்தில் இஸ்திரி வண்டிக்காரர், அவர்தான் ஓடிவந்து தூக்கினார். படத்தில் இருந்த நான்கு பொருளுக்கும் கணக்குச் சொல்லிவிட்டான். மே மாதம் வேலூர்ப் பக்கம் நடமாடிய யாரும் இந்த விடைக்குத் தப்புப் போடமுடியாது. கையேட்டின்படி அவனுக்குப் பூஜ்யம்.

கோளாறு பையனிடம் இல்லை, நடுக்கட்டத்தில் இருக்கிறது. பனிமனிதனைப் பார்க்காத பிள்ளையிடம் அங்கே எடுத்துப்போட ஒன்றும் கிடையாது. பி.எட். படிக்கும்போது ஒரு ஆய்வு படித்தேன், 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் செய்தது. ஏழாம், எட்டாம் வகுப்பு மாணவர்களிடம் ஒரு பேஸ்பால் ஆட்ட வருணனையைப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் மட்டமானவர்கள் என்று பெயரெடுத்திருந்தும் ஆட்டம் தெரிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகம் புரிந்துகொண்டார்கள். நமக்குக் கிரிக்கெட்டை வைத்து யோசித்தால் போதும். கடைசி ஓவரில் 12 ரன் வேண்டும் என்ற ஒரு வரியில், ஆட்டம் தெரிந்தவனுக்கு எத்தனை நெஞ்சு படபடப்பு இருக்கிறது!

இந்தப் பெட்டியில் குறைந்தது 20 அட்டைகள் காரட் ஜாதி. கணப்படுப்பு, கம்பளிக் கையுறை, இலையுதிர்காலத்தில் பள்ளி திறப்பது. சிவப்பு அட்டை ஒன்றில் "அதைக் கேட்டதும் அவள் முகம் நீண்டது" என்று வருகிறது. பேய்க்கதை என்று என் பிள்ளைகள் குதூகலமாகிவிட்டார்கள். முகம் வாடியது, தொங்கிப்போனது என்று எழுத ஒரு ஆள் கிடைக்கவில்லையா?

அப்புறம், நானே அட்டை எழுத ஆரம்பித்தேன். ஒன்று: "பாட்டி முறத்தை ஓரமாக வைத்தாள். நூல்கண்டு பிரிக்காமல் கிடந்தது. அம்மா ஒன்றும் கேட்காமல் சோற்றைப் போட்டு மூடிவைத்தாள்." பீடி என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டு நொடியில் பிடித்துவிட்டார்கள். கம்பெனியில் இலை கொடுக்கவில்லை என்றது ஒரு பெண். இல்லை, பாட்டிக்கு இருமல் அதிகம் என்றது இன்னொன்று. இருமல் என்றால் அம்மா கஷாயம் வைத்திருப்பாள், சோற்றை மூடிவைத்திருக்க மாட்டாள் என்று முதல் பெண் மடக்கினாள். அரை மணி நேரம் சண்டை. நான் விடை சொல்லவில்லை, என்னிடமும் விடை இல்லை. கையேட்டிலோ ஒவ்வொரு அட்டைக்கும் ஒரே விடை, அதுவும் ஒரு வரி. அதைப் பிள்ளைகள் கண்ணில் படவிட்டால் மறுபடியும் தொப்பான் டமிந்தான் கதைதான்.

இன்னொரு அட்டை: "ஜீப்பில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். பாட்டி ரேஷன் கார்டையும் பத்திரத்தையும் மஞ்சப்பையில் போட்டாள். வெளியே மழை இல்லை." என் பிள்ளைகள் கோரஸாக, "மோர்தானா நிறைஞ்சிடுச்சி!" 2021 நவம்பரில் கௌண்டன்யா ஆறு பொங்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள். மோர்தானா அணை நிரம்பினால் இங்கே ஒரு சொட்டு விழாமலே வெள்ளம் வரும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டாம். அன்றைக்கு லீவுக்கு வந்திருந்த சத்துவாச்சாரி நாத்தனார் மகளும் கூட உட்கார்ந்திருந்தாள், நல்ல இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எட்டாவது. அவள் சொன்னது: "வாடகை பாக்கி, வீட்டைக் காலி பண்றாங்க." மைக் எதற்கு என்று கேட்டதற்கு, "பேங்க்லேர்ந்து ஏலம் விடறாங்க அத்தை" என்றாள். நானும் ஒரு காரட் அட்டை எழுதிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அதிலிருந்து பெட்டிக்காரர்கள் மேல் கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது.

கோட்டைக்குக் கூட்டிப்போன அன்று அட்டையே தேவைப்படவில்லை. வேலூரைப் பற்றிச் சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று பெரியவர்கள் சொல்வதைச் சொன்னேன். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் சன்னிதியில் கும்பிட்டுவிட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்தோம். ஒன்பதாம் வகுப்புப் பெண், "இங்க எப்ப மிஸ் சாமி வெச்சாங்க?" என்று கேட்டாள். 1981-இல் என்றேன். "அப்போ இந்தப் பேச்சு அதுக்கு முன்னாடியே வந்திருக்கும். ஆறும் அப்பவே காஞ்சிருக்கும்." திரும்பும் பஸ்ஸில் எனக்கு இதே நினைப்புதான்.

அந்தச் சின்னச் சீட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. அதில் ஒரே வரிதான்: "எதை வைத்துச் சொல்கிறாய்?" பிள்ளை சொன்னது சரியாக இருந்தாலும் இதைக் கேட்கவேண்டுமாம். சரியாகச் சொன்னவனிடம் நாம் கேட்பதேயில்லை, தப்பாகச் சொன்னவனைத்தான் குடைகிறோம். இப்போது என் வகுப்பில் அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். என்னையும் கேட்கிறார்கள், அதுதான் சில நாள் தலைவலி.

தரம் சுமார். மூன்றாம் மாதமே மூலைகளில் லேமினேஷன் பிரிந்துவிட்டது, பெட்டி மூடி ரப்பர் பேண்டில் நிற்கிறது. கட்டத்தாள் 50-தான், தீர்ந்ததும் நோட்டில் கோடு போட்டுக்கொண்டோம், அதற்குத் தனியாக வாங்கவே வேண்டாம். படங்கள் நன்றாக இருக்கின்றன. 640 அதிகம், 300 என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். வாங்கினால் கையேட்டை அலமாரிமேல் போட்டுவிடுங்கள். வீட்டில் ஒரே பிள்ளைக்கு என்றால் வேண்டாம், எதிர்த்துப் பேச இன்னொரு பிள்ளை இல்லாமல் இந்த அட்டைகள் உப்பில்லாத கூழ்.

காரட் அட்டையை மட்டும் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். புதிதாக யார் சேர்ந்தாலும் முதல்நாள் அதுதான். போன வாரம் வந்த ஐந்தாம் வகுப்புப் பெண் நெடுநேரம் பார்த்துவிட்டு, "குதிர துன்னுட்டு மிச்சம் வெச்சது" என்றாள். எதை வைத்து? காரட் குதிரைக்கு, தொப்பி வண்டிக்காரருக்கு, ஈரம் குதிரை தண்ணீர் குடித்தது. "சரி, கரி?" என்றேன். யோசித்து வந்து சொல்வதாகப் போயிருக்கிறாள்.