புது பிளாட்டில் ஒழுகினால் யார் பணம் கரையும்: பில்டரா, காப்பீடா, நாமா?

பூச்சுக்கும் பெயிண்டுக்கும் பின்னால் இருக்கும் குறை, சாவி வாங்கும் அன்று கண்ணில் படாது. பாத்ரூம் டைல்ஸுக்கு அடியில் வாட்டர்ப்ரூஃபிங்கை ஒப்புக்குச் செய்திருந்தால், தண்ணீர் மெல்ல இறங்கி, ஒரு வருடம் கழித்துக் கீழ்வீட்டு சீலிங்கில் மஞ்சள் திட்டாகத் தெரியும். அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது? பொறுப்பு யாருக்கு என்று தேடுவதைவிட, அந்தப் பணம் இப்போது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் இந்தியாவின் 2016 ரெரா சட்டத்தில், 14ஆம் பிரிவு வாங்குபவருக்குத் தாராளமானது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறையோ வேலைத்தரக் குறையோ தெரிவிக்கப்பட்டால், பில்டர் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். சிக்கல் என்னவென்றால், முழு விலையும் அதற்குள் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கும். “நீங்கள் குழாய் மாற்றும்போது உடைத்திருப்பீர்கள்” என்று ஒரு வரியில் தட்டிக்கழிப்பார். அந்த ஒரு திட்டத்துக்காகவே தொடங்கிய கம்பெனி கையில் காசில்லாமல் நின்றால், உத்தரவு வாங்கியும் வசூல் ஆகாது.

மலேசியாவில் காலம் குறைவு, 24 மாதம்தான். ஆனால் விலையில் 5 சதவீதம் பில்டர் கைக்குப் போகாமல் வழக்கறிஞரிடம் நிற்கும். பாதி 8 மாதத்தில் விடுவிக்கப்படும், மீதி 24 மாதம்வரை இருக்கும். எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் வேலை நடக்கவில்லை என்றால், செலவு மதிப்பீட்டை முறைப்படி தெரிவித்துவிட்டு நாமே ஆள் வைத்துச் சரிசெய்து, அந்தத் தொகையிலிருந்து ஈடுகட்டலாம். எனக்கு ஐந்து வருட வாக்குறுதியைவிட இந்த இரண்டு வருடப் பிடிமானம் மேல்.

இரண்டையும்விடத் திடமானது காப்பீடு. பிரான்சில் 1978 சட்டப்படி கட்டியவருக்கு 10 ஆண்டுப் பொறுப்பு உண்டு. கூடவே, கட்டடத்தின் மேல் எடுக்கும் ஒரு காப்பீடு முதலில் பழுதுக்குப் பணம் தந்துவிட்டு, யார் தப்பு என்ற சண்டையைப் பிறகு தானே போடும். வீட்டுக்காரர் நடுவில் மாட்டிக்கொள்வதில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பட்டுத் திருந்திய மாகாணம். 80களிலும் 90களிலும் கட்டிய காண்டோக்களில் (அடுக்குமாடி வீடுகளில்) வெளிச்சுவருக்குள் மழைநீர் புகுந்து மரச்சட்டம் அழுகியது. பல பில்டர்கள் அதற்குள் கம்பெனியை மூடியிருந்தார்கள். குடியிருந்தவர்கள் தலைக்கு இவ்வளவு என்று போட்டுச் செலவழித்து நொந்துபோனார்கள். அதன் பிறகுதான் பில்டர் அல்லாத ஒரு காப்பீட்டு நிறுவனம் தரும் மூன்றாம் தரப்பு உத்தரவாதம் கட்டாயமானது: வேலைக்கும் பொருளுக்கும் 2 ஆண்டுவரை, வெளிச்சுவர், கூரை வழியாக நீர் புகுந்தால் 5, கட்டமைப்புக்கு 10.

இவை எதுவும் கைகொடுக்காதபோது செலவு அசோசியேஷன் நிதியில் விழுகிறது. அதுவும் நம் பணம்தான், நூறு வீட்டுக்குப் பிரிகிறது, அவ்வளவே. மொட்டைமாடி, வெளிச்சுவர், பொதுக்குழாய் எல்லாம் இதில் சேரும் என்பதால், அவற்றுக்கான புகாரையும் அசோசியேஷன் பெயரிலேயே கொடுப்பது நல்லது. தனி ஒருவர் உள்சுவருக்குப் பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டே இருந்தால் வெளிவிரிசல் அடையாது.

மேல்வீடு, கீழ்வீடு ஒழுகல் தனி வம்பு. சிங்கப்பூர் சட்டம், மாறாக நிரூபிக்காதவரை, குறை மேல்வீட்டில்தான் என்று எடுத்துக்கொள்கிறது. உத்தரவாதக் காலம் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டு வீட்டாரும் சண்டையை விட்டு, சேர்ந்து பில்டரிடம் போவதுதான் லாபம்.

சரி, கையில் என்ன இருக்க வேண்டும்? ஒப்படைத்த தேதி போட்ட கடிதம், தேதியோடு படங்கள், ஒவ்வொரு குறைக்கும் எழுத்துப் புகார். சூப்பர்வைசரிடம் வாய்மொழியாகச் சொன்னதைப் பின்னால் நிரூபிப்பது கஷ்டம். காலக்கெடு முடிய மூன்று மாதம் இருக்கும்போதே ஒரு தனிப் பொறியாளரைக் கூப்பிட்டு, பாத்ரூம் வடிகாலை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கீழே ஓதம் தெரிந்தால் அவரிடம் அறிக்கை வாங்கி, பதிவுத் தபாலில் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள்.