சரிவை மதிக்கும் உருண்டை: எக்ஸோ ஒன், யோகு, கடமாரி

உருண்டையை உருட்டிக்கொண்டு அறியாத உலகத்தைச் சுற்றிப் பார்க்கும் கேம்களில் ஒன்றை மட்டும் வாங்குவதானால் எதை வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எக்ஸோ ஒன். கோத்தகிரியில் எங்கள் வீட்டு லேப்டாப்பில் அதோடு யோகுஸ் ஐலண்ட் எக்ஸ்பிரஸும் கடமாரி டமாசி ரீரோலும் இருக்கின்றன. கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் தள்ளுபடி வரும் நேரம் பார்த்து ஒவ்வொன்றாக வாங்கியவை. எங்களுடன் தங்கிப் பள்ளிக்குப் போகும் அக்கா மகனும் நானும் மாறி மாறி ஆடியிருக்கிறோம். அவன் யோகு கட்சி, நான் எக்ஸோ ஒன் கட்சி. அவன் பக்கத்து நியாயத்தையும் எழுதுகிறேன். என் சாய்வை மட்டும் மறைக்கப் போவதில்லை.

மூத்தது கடமாரி. நாம்கோ நிறுவனத்துக்காக கெய்ட்டா தகாஹாஷி வடிவமைத்து, 2004இல் பிளேஸ்டேஷன் 2இல் வந்தது. போதையில் வானத்து நட்சத்திரங்களையெல்லாம் உடைத்துப் போட்டுவிடுகிறார் அண்டத்தின் அரசர். அவருடைய மகனான குட்டி இளவரசன், தொட்டதெல்லாம் ஒட்டிக்கொள்ளும் ஓர் உருண்டையைப் பூமியில் உருட்டிப் பெரிதாக்கி, இழந்த நட்சத்திரங்களை மீண்டும் உண்டாக்க வேண்டும். நாங்கள் ஆடுவது 2018இல் கணினிக்கும் நின்டெண்டோவின் ஸ்விட்ச் என்ற கேம் கருவிக்கும் வந்த புதுப்பதிப்பு. இது சிறு குழு சொந்தமாகச் செய்யும் இண்டி கேம் அல்ல, பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு. ஆனாலும் உருட்டும் கேம்களைப் பற்றிப் பேசும் எவரும் இதைத் தாண்டிப் போக முடியாது.

யோகு, ஸ்வீடனைச் சேர்ந்த வில்லா கொரில்லா என்ற சிறிய குழு உருவாக்கி, டீம்17 வெளியிட்டு, 2018இல் வந்தது. ஒரு சாண வண்டு வெப்பமண்டலத் தீவு ஒன்றுக்கு வந்து இறங்குகிறது. பழைய போஸ்ட்மாஸ்டர் விலகிக்கொள்ள, வேலை இதன் தலையில் விழுகிறது. வண்டு தன்னோடு கட்டியிருக்கும் வெள்ளை உருண்டையை இழுத்துக்கொண்டு தீவெங்கும் தபால் கொடுக்கப் போகிறது. தீவு முழுவதும், துடுப்பால் உருண்டையைத் தட்டி மேலே அனுப்பி ஆடும் பின்பால் மேசையைப் போன்றது. வண்டுக்குக் குதிக்கத் தெரியாது. மேலே போக வேண்டுமென்றால் தரையில் பதித்த துடுப்புகள் அதைத் தட்டிவிட வேண்டும்.

எக்ஸோ ஒன் 2021 நவம்பரில் வெளியானது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜே வெஸ்டனின் எக்ஸ்பிளீட்டிவ் உருவாக்கியது. வேற்றுலகத்திலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது, அதிலிருந்து ஒரு கலம் பிறக்கிறது. அந்தக் கலம் ஒரு கோளம். அதை உருட்டிக்கொண்டு கோள் கோளாகக் கடந்து போகிறோம். எதிரி கிடையாது, துப்பாக்கி கிடையாது, கடிகாரம் கிடையாது. தொலைவில் வானத்தைத் தொட்டு நிற்கும் நீல ஒளிக்கம்பம் ஒன்றுதான் வழிகாட்டி.

படம், இசை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மூன்றும் கண்ணுக்கும் காதுக்கும் விருந்து. கடமாரியின் பாட்டுகள் ஒரு வாரம் வாயில் ஓடும். யோகுவின் காடும் கடற்கரையும் கையால் தீட்டியவை. எக்ஸோ ஒன்னுக்கு ரீஸ் லிண்ட்சே தந்த இசையைக் காதில் ஹெட்ஃபோன் வைத்துத்தான் கேட்க வேண்டும்.

என் தீர்ப்பை முடிவு செய்தது ஒரே ஒரு கேள்வி. உருண்டை வேகத்தை இழந்தால் என்ன ஆகிறது?

உருட்டுகிற எந்த கேமிலும் இது நடந்தே தீரும். மேட்டில் பாதியில் நின்றுபோவீர்கள், சுவரில் முட்டுவீர்கள், தவறான பக்கம் உருள்வீர்கள். அந்த நிமிடத்தில் கேம் உங்களை எப்படி நடத்துகிறது என்பதில்தான் அதன் குணம் தெரிகிறது. நன்றாக உருளும்போது எல்லா கேமும் நன்றாகத்தான் இருக்கும்.

கடமாரி உங்களைக் கடிகாரத்தோடு கட்டிப்போடுகிறது. முதல் கட்டத்தில் 3 நிமிடத்துக்குள் 10 சென்டிமீட்டர் உருண்டை கேட்கிறார் அரசர். வீட்டுத் தரையில் சிதறிக்கிடக்கும் பொருள்களுக்கு நடுவே உருட்டுகிறோம். ஊசி ஒட்டும், அழிரப்பர் ஒட்டும். உருண்டையைவிடப் பெரிய பொருளில் வேகமாக மோதினால், ஒட்டியவற்றில் சில உதிர்ந்துவிடும். சேர்த்ததும் போச்சு, நேரமும் போச்சு. நிலாவைச் செய்யும் கடைசிக் கட்டத்தில் 25 நிமிடத்தில் 300 மீட்டர் வர வேண்டும். தீவையே உருட்டி ஏற்றும் அந்தப் பெருமிதம் வேறு எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் ஒரு சந்தில் சிக்கிக்கொண்டு வெளியே வரத் திணறும்போது மனம் கடிகாரத்தில் இருக்கிறது, சுற்றியிருக்கும் உலகத்தில் இல்லை. இலக்கைத் தவறவிட்டால் அரசர் வேறு திட்டித் தீர்ப்பார். நேரக் கணக்கில்லாமல் ஆடும் வசதி சில கட்டங்களுக்கு உண்டு, ஆனால் அது நன்றாக ஆடியவர்களுக்குத்தான் திறக்கிறது. எனக்கு அது தலைகீழான ஏற்பாடாகத் தோன்றுகிறது. நிதானமாகச் சுற்றிப்பார்க்கும் உரிமை முதலில் தேவைப்படுவது புதிதாக வருகிறவருக்குத்தான்.

யோகு இதைவிடப் பல மடங்கு அன்பானது. வண்டு சாகாது. முள்ளில் விழுந்தால் சேர்த்த பழத்தில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான். நீலத் துடுப்புக்கு ஒரு பட்டன், மஞ்சளுக்கு இன்னொன்று. பத்து வயதுக் குழந்தைகூட உடனே பிடித்துக்கொள்ளும். ஆனால் வேகம் போனால் விழுவது கீழே. செங்குத்தாக எழும் ஒரு குகையில் நான்கு அடுக்குத் துடுப்புகளைத் தாண்டி மேலே போயிருப்பீர்கள். கடைசித் துடுப்பை அரை நொடி தாமதமாக அழுத்தினால் உருண்டை அடுக்கடுக்காகத் தட்டுப்பட்டு அடியில் வந்து கிடக்கும். மீண்டும் முதல் துடுப்பிலிருந்து. அக்கா மகனுக்கு இதுதான் பிடித்திருக்கிறது. "மாமா, இன்னும் ஒரே ஒரு தடவை" என்று அவன் கேட்கும்போது சோறு ஆறிக்கொண்டிருக்கும். விரல் தேறுவது அவனுக்குத் தெரிகிறது, அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கத்தான் செய்கிறது. எனக்கோ அந்த மறு ஏற்றம் ஊர் சுற்றுவதையே அறுத்துவிடுகிறது. தீவின் மறுகோடியில் ஒரு பொட்டலம் கொடுக்க வேண்டுமென்று கிளம்புவேன், பாதி நேரம் ஒரே குகையில் கழியும். தேனீ வழிகள் என்று அழைக்கப்படும் குறுக்குவழிகள் பின்னால் திறக்கின்றன. அதுவரை போன பாதையிலேயே திரும்பத் திரும்ப நடக்க வேண்டும்.

இனி எக்ஸோ ஒன். இதில் கைக்கு வேலை மிகக் குறைவு. ஒரு பட்டன் ஈர்ப்பு விசையைக் கூட்டுகிறது. இன்னொன்று கோளத்தை நசுக்கித் தட்டாக்கிக் காற்றில் மிதக்கவிடுகிறது. தவிர, ஒரு குதிப்பு. சரிவில் இறங்கும்போது ஈர்ப்பைப் பிடித்து அழுத்த வேண்டும். உருண்டை மணலை உரசிக்கொண்டு கனத்து இறங்கும், உறுமல் ஏறிக்கொண்டே போகும். பள்ளத்தின் அடியைத் தொட்டு நிலம் மேல்நோக்கி வளையும் கணத்தில் விரலை எடுத்துவிட வேண்டும். எடுத்தால் எதிர்மேட்டின் உச்சியிலிருந்து கோளம் வானத்தில் வீசப்படும். அங்கே தட்டாக மாறி மிதக்கலாம். மிதக்க ஆற்றல் செலவாகும், தரையில் உருண்டால் திரும்ப நிரம்பும். ஒளிரும் சிறு கோளங்களைப் பிடித்தால் அந்த ஆற்றலின் அளவு கூடும். கீழே வரும்போது இன்னொரு சரிவின் முதுகில் அதன் சாய்வுக்கு இணையாக இறங்கினால் வேகம் துளியும் வீணாகாது. சமதளத்தில் தொப்பென்று விழுந்தால் பாதி போய்விடும்.

ஊட்டியிலிருந்து பைக்காரா போகிற சாலையில் ஷூட்டிங் மட்டத்தில் ஓடி விளையாடியவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டாம். வென்லாக் டவுன்ஸின் அந்தப் புல்மேடுகள் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி இறங்கும், மடிப்புகளில் சோலை ஒதுங்கியிருக்கும். ஒரு மேட்டிலிருந்து ஓடி இறங்கினால் அடுத்த மேட்டின் கால்வாசியைக் கால் தானாகவே ஏறிவிடும். எக்ஸோ ஒன்னின் பாலைவனக் கோளில் முதல் சில நிமிடங்களிலேயே என் விரல் அதைத்தான் தேடியது.

இப்போது அந்தக் கேள்விக்கு வருகிறேன். இங்கே வேகம் போனால் எதுவும் ஆகாது. உருண்டை மெல்ல நின்றுவிடும். கடிகாரம் இல்லை, கீழே விழ அடுக்கு இல்லை, திட்ட ஆளில்லை. ஒரு குதிப்புப் போட்டு, அருகில் இருக்கும் சிறு சரிவைத் தேடி, ஈர்ப்பை அழுத்தினால் மீண்டும் உருளத் தொடங்கும். நின்றுபோன இடத்தில்தான் அந்த உலகத்தை நான் கவனித்துப் பார்த்தேன். மணலில் காற்று போகும் திசை, மேகத்துக்குப் பின்னால் மங்கித் தெரியும் ஒளிக்கம்பம், தொலைவில் பாதி புதைந்த ஏதோ ஒரு கட்டுமானம். வேகம் வந்தால் நிலம் கோடுகளாகிவிடும், போனால் நிலம் நிலமாகத் திரும்ப வரும். இழப்பையும் ஊர் சுற்றுவதன் ஒரு பகுதியாக ஆக்கிவிட்டது இந்த கேம். வேகத்தைக் கடனாகத் தருவது சரிவு, திருப்பித் தருவதும் சரிவு. இடையில் தண்டனை என்ற ஒன்றுக்கு வேலையே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. வேகத்தைத் திரும்பப் பெறுவது உங்கள் கையில்தான் என்பதால் கேம் தானாக உதவிக்கு வருவதில்லை. தூக்கிவிடும் மந்திரம் எதுவும் கிடையாது. அதனால் முழு வீச்சில் ஐந்தாறு மேடுகளை அடுத்தடுத்துத் தாண்டும்போது அது முழுக்க நீங்கள் சம்பாதித்த வேகம். யோகுவில் துடுப்பு உங்களைத் தூக்குகிறது. கடமாரியில் உருண்டையின் பருமன் உங்களைத் தூக்குகிறது. இதில் நிலத்தை வாசித்த கண்தான் தூக்குகிறது.

குறைகளும் உண்டு, சொல்லியே ஆக வேண்டும். சிறுகற்கள் மிதக்கும் விண்வெளிக் கட்டத்தில் சரிவே இல்லை. கல்லுக்குக் கல் தாவ வேண்டும். இந்த கேமின் உயிரே சரிவு என்றிருக்க, அங்கே அது மூச்சு வாங்குகிறது. புயல்மேகங்கள் நிறைந்த கோளில் சில இடங்களில் எந்தப் பக்கம் போகிறோம் என்பதே தெரியாது. வியாழன் கோளுக்கான பயணத்தில் நேர்ந்த விபத்து பற்றிய கதை துண்டு துண்டான படங்களாக மின்னி மறைகிறது. உணர்ச்சி புரிந்தது, கதையின் கோர்வை புரியவில்லை. மின்னல் வெட்டும் காட்சிகள் நிறைய இருப்பதால், அப்படிப்பட்ட ஒளி ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. நீளமும் குறைவு. ஒரே மாலையில் முடித்துவிடலாம். காசுக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் பார்ப்பவர்களுக்கு யோகுதான் சரி, அதில் சந்தேகமில்லை.

லேப்டாப் விஷயத்திலும் யோகுவுக்குத்தான் வெற்றி. எங்கள் பழைய லேப்டாப்பில் எக்ஸோ ஒன் காட்சித் தரத்தை நன்றாகக் குறைத்த பிறகே தடங்கலில்லாமல் ஓடியது. விசிறி இரைச்சலோடு பேட்டரியையும் வேகமாக உறிஞ்சிவிடும். தென்மேற்குப் பருவமழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து கரண்ட் போகும் ஊர்களில் இது சின்ன விஷயமல்ல. யோகு அதே பேட்டரியில் வெகுநேரம் தாங்கியது.

கடமாரிக்கு இன்னொரு சிக்கல். கன்ட்ரோலரின் இரண்டு குச்சிகளையும் ஒன்றாகத் தள்ளி உருண்டையை ஓட்டுவதுதான் அதன் முறை என்பதால் கீபோர்டில் அது எனக்கு வசதிப்படவில்லை, கன்ட்ரோலர் இருந்தால் நல்லது. ஜனவரியில் உறைபனி விழும் காலையில் விறைத்த விரலோடு இரண்டு குச்சிகளையும் சமாளிப்பது பெரும்பாடு. நான் இதைக் கணினியில்தான் ஆடியிருக்கிறேன். ஸ்விட்ச்சில் கையில் பிடித்து ஆடியவர்கள் வேறு மாதிரிச் சொல்லக்கூடும், அவர்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். அதேபோல யோகுவில் நான் கதையை முடித்ததோடு சரி. தீவின் ஒவ்வொரு மூலையிலும் ஒளிந்திருப்பதைத் தேடி எடுத்தவன் அக்கா மகன்தான். அந்தத் தேடலில்தான் யோகுவின் சுவையே இருக்கிறது என்பது அவன் வாதம்.

வீட்டில் குழந்தை இருந்து, இருவர் மாறி மாறி ஆடப் போகிறீர்கள் என்றால் யோகுவை முதலில் வாங்குங்கள். கன்ட்ரோலர் ஏற்கெனவே இருந்து, அவசரத்தில் ஆடுவது பிடிக்கும் என்றால் கடமாரி. தனியாக உட்கார்ந்து, ஹெட்ஃபோன் போட்டு, ஒரு நிலத்தை அதன் மேடு பள்ளத்தோடு அறிய விரும்புகிறவர் எக்ஸோ ஒன்னை வாங்கலாம். காட்சித் தரத்தைக் குறைத்து வைத்துத் தொடங்குங்கள், சார்ஜரைச் செருகியே வையுங்கள். முதல் பாலைவனத்தில் ஒளிக்கம்பத்தை நோக்கி உடனே ஓடாமல், ஏதாவது இரண்டு மேடுகளுக்கு இடையே முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். ஈர்ப்பை எப்போது விட வேண்டும் என்பது அங்கேயே கைக்கு வந்துவிடும்.